68-வது ஓட்டு: மெலிசா ஹார்ட்மன் எதிரணியோடு சேர்ந்து வாக்களித்தது ஏன்?

2025 ஜூன் 9. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலச் சட்டமன்றத்தில் ஒருநாள் சிறப்புக் கூட்டம். உரிய ஆவணங்கள் இல்லாமல் குடியேறிய பெரியவர்களுக்கு மாநில அரசு கொடுத்துவந்த மருத்துவக் காப்பீட்டை நிறுத்தும் மசோதா, பிரதிநிதிகள் சபையில் ஓட்டெடுப்புக்கு வந்தது. ஆதரவு 68, எதிர்ப்பு 65. ஆதரித்த 68 பேரில் 67 பேர் குடியரசுக் கட்சியினர். மிச்சமிருந்த அந்த ஒருவர், மசோதாவை எதிர்த்த கட்சியின் தலைவர் மெலிசா ஹார்ட்மன்.

அவருடைய அணியில் வேறு யாரும் ஆதரித்து ஓட்டுப் போடவில்லை. பிறகு செய்தியாளர்களிடம் பேசும்போது அவருக்குக் கண் கலங்கியது. இந்த ஓட்டால் மனிதர்கள் பாதிக்கப்படப் போகிறார்கள் என்று தனக்குத் தெரியும் என்றார்.

ஐந்தாம் நாள் அதிகாலை, போலீஸ் வேடத்தில் வந்த ஒருவர் ஹார்ட்மனையும் அவருடைய கணவர் மார்க்கையும் அவர்கள் வீட்டிலேயே சுட்டுக் கொன்றார். அந்தக் கொலைச் செய்தி உலகம் முழுக்கப் போய்விட்டது. யார் இந்த ஹார்ட்மன், எதற்காக அப்படி ஓட்டுப் போட்டார் என்பது அவ்வளவு தூரம் போகவில்லை. அதைப் புரிந்துகொள்ள அந்தச் சபையின் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

'சிறுபான்மைக் கட்சித் தலைவர்' என்றால் என்ன?

இங்கே சிறுபான்மை என்பதற்கும் மதம், இனத்துக்கும் சம்பந்தமில்லை. சபையில் குறைவான இடங்கள் வைத்திருக்கும் கட்சிதான் சிறுபான்மைக் கட்சி. மினசோட்டா பிரதிநிதிகள் சபையில் 134 இடங்கள், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல். மேலவையான செனட்டில் 67 இடங்கள். ஆட்சிப் பொறுப்பு ஆளுநரிடம். அவரும் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர்தான். 2019 முதல் டிம் வால்ஸ் அந்தப் பதவியில் இருக்கிறார். 2024-ல் கமலா ஹாரிஸோடு துணை அதிபர் வேட்பாளராக நின்றாரே, அவரேதான்.

ஜனநாயகக் கட்சிக்கு மினசோட்டாவில் பெயரே வேறு. 1944-ல் ஜனநாயகக் கட்சியும் விவசாயி – தொழிலாளர் கட்சியும் ஒன்றாகச் சேர்ந்ததால், இன்றுவரை அது ஜனநாயக – விவசாயி – தொழிலாளர் கட்சி. சுருக்கமாக டிஎஃப்எல்.

சபாநாயகர் என்றதும் நடுநிலையாக உட்கார்ந்திருப்பவர் நினைவுக்கு வரலாம். அமெரிக்கச் சபைகளில் அப்படி இல்லை. எந்த மசோதா எப்போது வரும், எந்தக் குழுவுக்கு யார் தலைவர் என்பதையெல்லாம் முடிவு செய்கிற பெரும்பான்மைக் கட்சியின் தலைவர்தான் அங்கே சபாநாயகர். சிறுபான்மைக் கட்சித் தலைவர் கையில் இதில் எதுவும் கிடையாது. பேச்சு, சபை விதிகள், நேரம், எதிரணிக்கு எத்தனை ஓட்டு குறைகிறது என்ற கணக்கு. அவ்வளவுதான். கட்சி மாறி ஓட்டுப் போட்டால் உறுப்பினர் பதவி பறிபோகும் என்கிற சட்டமும் அங்கே இல்லை. அதனால் தலைவர் ஒவ்வொரு முறையும் தலை எண்ணியாக வேண்டும். தன் ஆட்களிடம் பேசிப் பேசித்தான் ஓட்டு வாங்க வேண்டும்.

இந்தத் தலை எண்ணும் வேலையில் ஹார்ட்மன் கெட்டிக்காரர். அந்தக் கெட்டிக்காரத்தனம் சுலபமாக வந்துவிடவில்லை.

இரண்டு தோல்வி, பிறகுதான் சட்டமன்றம்

1970-ல் பிறந்தவர் ஹார்ட்மன். மினியாபொலிஸ் நகரத்துக்கு வடக்கே இருக்கும் புறநகர்ப் பகுதியில் வளர்ந்தார். குடும்பத்துக்குப் பழைய கார் உதிரிபாகத் தொழில். பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் பட்டம், மினசோட்டா பல்கலைக்கழகத்தில் சட்டம் என்று படித்து முடித்தவர், ஏழைகளுக்கு இலவசச் சட்ட உதவி தரும் அமைப்பில் வழக்கறிஞராக இருந்தார். வீடு வாடகைக்குத் தருவதில் பாகுபாடு காட்டிய வழக்கு ஒன்றில் பெரிய இழப்பீட்டை வாங்கிக் கொடுத்தார்.

1998-ல் சட்டமன்றத்துக்கு நின்றார், தோற்றார். 2002-லும் தோல்வி. 2004-ல் குடியரசுக் கட்சி வசமிருந்த தொகுதியில் ஜெயித்தார். அது புறநகர்த் தொகுதி. இரண்டு கட்சிக்கும் ஓட்டுப் போடத் தயங்காதவர்கள் வசிக்கும் இடம். கட்சியின் கோட்டையில் நின்று வந்தவர்களுக்கும், வீடு வீடாகக் கதவைத் தட்டி மாற்றுக் கட்சிக்காரரிடமும் ஓட்டுக் கேட்டு வந்தவர்களுக்கும் பேச்சிலேயே வித்தியாசம் தெரியும். ஹார்ட்மன் இரண்டாவது ரகம்.

சட்டமன்றத்தில் அவர் முதலில் பிடித்துக்கொண்டது எரிசக்தித் துறை. 2013-ல் எரிசக்திக் கொள்கைக் குழுவின் தலைவராக இருந்தபோது, சமுதாய சூரியத் தோட்டம் என்கிற திட்டத்துக்கு வழி செய்த சட்டம் வந்தது. சொந்தக் கூரையில் பேனல் வைக்க முடியாதவர்கள், வேறு இடத்தில் இருக்கும் சூரிய மின் நிலையத்தில் பங்கு வாங்கி, அதன் பலனைத் தங்கள் மின் கட்டணத்தில் கழித்துக்கொள்ளலாம். வாடகை வீட்டுக்காரர்களுக்கும் பயன்படுகிற ஏற்பாடு. தலைப்புச் செய்தியாகிற சமாச்சாரமில்லை. இதுமாதிரி விஷயங்களில்தான் அவருக்கு ஆர்வம் அதிகம்.

சீட்டாட்டத்தைக் கலைத்த நாள்

2017-ல் டிஎஃப்எல் அணிக்கு வெறும் 57 இடங்கள். அந்தச் சின்ன அணிக்கு ஹார்ட்மன் தலைவரானார். அந்த வருடம் ஏப்ரலில், நெடுஞ்சாலையை மறித்துப் போராடுகிறவர்களுக்குத் தண்டனையைக் கூட்டும் மசோதா விவாதத்துக்கு வந்தது. கறுப்பினப் பெண் உறுப்பினர்கள் உள்பட வெள்ளையரல்லாத பெண்கள் பலர் எழுந்து, தங்கள் சமூகத்தின் அனுபவத்தைச் சொல்லிப் பேசினார்கள். கேட்க ஆளில்லை. உறுப்பினர்கள் பலர் பக்கத்து ஓய்வறையில் இருந்தார்கள்.

ஹார்ட்மன் ஒரு விதியைக் கையில் எடுத்தார். 'சபை அழைப்பு' என்று ஒன்று இருக்கிறது. அதைக் கோரினால் உறுப்பினர்கள் எல்லாரும் இருக்கைக்குத் திரும்ப வேண்டும். அதோடு அவர் நிறுத்தவில்லை. ஓய்வறையில் நடக்கும், நூறு சதவீதம் வெள்ளை ஆண்களே இருக்கிற சீட்டாட்டத்தைக் கலைக்கத் தனக்கு மனசில்லைதான், ஆனால் இந்தப் பேச்சு முக்கியமானது என்று மைக்கிலேயே சொல்லிவிட்டார். எதிரணி உறுப்பினர் ஒருவர் கொதித்துப்போய் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். வெள்ளையரல்லாத பெண்கள் பேசும்போது யாரும் கண்டுகொள்ளாமல் இருப்பதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது, எனக்கு வருத்தமில்லை என்று பதில் வந்தது.

வீடியோ நாடு முழுக்கப் பரவியது. அந்த மசோதாவைத் தோற்கடிக்க அவரிடம் ஓட்டு இல்லை. ஆனால் உட்கார வைத்துக் கேட்க வைக்க விதி இருந்தது.

57-லிருந்து 75-க்கு, பிறகு 2023

சிறுபான்மைக் கட்சித் தலைவரின் பாதி வேலை சபைக்கு வெளியே நடப்பது. எந்தத் தொகுதியில் யாரை நிறுத்துவது, பணத்துக்கு என்ன வழி, எங்கே சில நூறு ஓட்டில் ஜெயிக்கலாம் என்று பார்ப்பது. 2018 தேர்தலில் டிஎஃப்எல் 57-லிருந்து 75 இடங்களுக்குத் தாவியது. குறிப்பாகப் புறநகர்களில். 2019 ஜனவரியில் ஹார்ட்மன் சபாநாயகர் ஆனார். மினசோட்டாவில் அந்தப் பதவிக்கு வந்த மூன்றாவது பெண்.

அடுத்த நான்கு வருடம் செனட் குடியரசுக் கட்சியிடம் இருந்ததால் பெரிதாக எதுவும் நகரவில்லை. 2022 தேர்தல் கணக்கை மாற்றியது. பிரதிநிதிகள் சபையில் 70–64, செனட்டில் 34–33, ஆளுநரும் அதே கட்சி. செனட்டில் ஒரே ஒரு ஓட்டு வித்தியாசம். கஜானாவில் 1,750 கோடி டாலர் உபரி வேறு.

பிறகு நடந்ததுதான் ஹார்ட்மன் பெயரை மினசோட்டா மறக்க முடியாமல் செய்தது. 2023-ன் ஒரே கூட்டத்தொடரில், பள்ளி மாணவர்கள் எல்லாருக்கும் இலவசக் காலை உணவும் மதிய உணவும், சம்பளத்தோடு கூடிய குடும்ப, மருத்துவ விடுப்பு, கருக்கலைப்பு உரிமைக்குச் சட்டப் பாதுகாப்பு, குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் குழந்தை ஒன்றுக்கு 1,750 டாலர் வரையில் வரிச் சலுகை, 2040-க்குள் முழுக்கக் கார்பன் இல்லாத மின்சாரம், சிறையிலிருந்து வெளியே வந்தவர்களுக்கு உடனே ஓட்டுரிமை, துப்பாக்கி வாங்குவதில் கூடுதல் கட்டுப்பாடு, கஞ்சாவுக்குச் சட்ட அனுமதி என்று ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேறின. ஆவணமில்லாத குடியேறிகளை மினசோட்டாகேர் என்கிற மாநில மருத்துவக் காப்பீட்டில் சேர்த்துக்கொள்ளும் முடிவும் அந்த வருடம் எடுத்ததுதான். இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வருடம் டிம் வால்ஸ் துணை அதிபர் வேட்பாளரானபோது, அவருடைய சாதனைப் பட்டியலாக நாடு முழுக்கப் பேசியது இதைத்தான். கையெழுத்துப் போட்டது வால்ஸ். மசோதாவை மேசை வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தது சட்டமன்றத்தில் தலை எண்ணியவர்கள்.

எல்லாருக்கும் இது பிடித்துவிடவில்லை. இவ்வளவு உபரியைக் கையில் வைத்துக்கொண்டு அதையும் செலவழித்து, வரியும் ஏற்றினார்கள் என்று குடியரசுக் கட்சி தொடர்ந்து சொன்னது. 2024 நவம்பரில் அதற்கான பதில் கிடைத்தது. டிஎஃப்எல் மூன்று இடங்களை இழக்க, சபை 67–67 என்று சரிபாதியானது.

ஜனவரி 2025: 68 என்னும் கேடயம்

சமநிலை என்றால் அதிகாரத்தைப் பங்கு போட்டுக்கொள்வதுதான் வழி. பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு தொகுதியில் ஜெயித்த டிஎஃப்எல் வேட்பாளர், அந்தத் தொகுதியில் வசிக்கவில்லை என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்த இடம் காலியானது. ஆக 67–66. திடீரென்று ஹார்ட்மன் சிறுபான்மைக் கட்சித் தலைவர்.

ஒரு இடம் கூடுதலாகக் கிடைத்ததும், தங்கள் ஆளையே இரண்டு வருடத்துக்குச் சபாநாயகராக்கிவிடக் குடியரசுக் கட்சி தயாரானது. இன்னொரு தொகுதியில் 14 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்த டிஎஃப்எல் உறுப்பினரின் இடமும் ஆடிக்கொண்டிருந்தது. கையிலிருப்பது 66 ஓட்டு. உள்ளே போய் உட்கார்ந்தால் தோல்வி நிச்சயம்.

அதனால் ஹார்ட்மன் அணி உள்ளேயே போகவில்லை.

சபை நடக்கக் குறைந்தபட்சம் எத்தனை உறுப்பினர்கள் இருக்க வேண்டும்? கோரம் என்பார்கள். மொத்த இடம் 134 என்று எடுத்தால் 68 பேர் வேண்டும். காலி இடத்தைக் கழித்து 133 என்று எடுத்தால் 67 போதும். குடியரசுக் கட்சியிடம் இருந்தது சரியாக 67. முழுச் சண்டையும் இந்த ஒற்றை எண்ணுக்குள் அடங்கிவிட்டது.

ஜனவரி 14-ம் தேதி கூட்டத்தொடர் தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பே, டிஎஃப்எல் உறுப்பினர்கள் செயின்ட் பால் நகரில் இருக்கும் வரலாற்று மையத்தில் கூடி, ஓய்வுபெற்ற நீதிபதி முன்னிலையில் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு மூன்று வாரத்துக்கும் மேலாகச் சபைப் பக்கம் வரவில்லை. வேலைக்கு வராமல் சம்பளமா என்ற கேள்வி எழுந்தது. நியாயமான கேள்விதான், மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பியது சபையில் உட்காரத்தானே? இந்தப் பக்கம், 67 பேர் கூடி லிசா டெமுத்தைச் சபாநாயகராகத் தேர்ந்தெடுத்ததாக அறிவித்தார்கள். ஜனவரி 24-ம் தேதி மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது: 68 பேர் இருந்தால்தான் சபை. அதுவரை நடந்தது செல்லாது என்றாகிவிட்டது.

பிப்ரவரி தொடக்கத்தில் சமரசம். டெமுத்தே சபாநாயகர், இரண்டு வருடத்துக்கும். அதற்குப் பதிலாக, 14 ஓட்டில் ஜெயித்தவரின் இடம் உறுதி; காலி இடத்துக்கான இடைத்தேர்தலில் டிஎஃப்எல் ஜெயித்தால் குழுக்களில் இரண்டு கட்சிக்கும் சரிசமப் பங்கு. ஆறு வருடம் உட்கார்ந்திருந்த நாற்காலியை ஹார்ட்மன் விட்டுக்கொடுத்தார். மார்ச் 11-ம் தேதி அந்த இடத்தை டிஎஃப்எல் ஜெயிக்க, மறுபடியும் 67–67.

ஜூன் 2025: அதே 68, இந்த முறை விலையாக

கோரத்துக்கு மட்டும் 68 இல்லை. மினசோட்டா அரசியல் சட்டப்படி ஒரு மசோதா நிறைவேறவும் மொத்த இடங்களில் பாதிக்கு மேல், அதாவது 68 ஓட்டு வேண்டும். இரண்டு பக்கமும் 67 என்றால், எதிரணியிலிருந்து குறைந்தது ஒருவர் வராமல் எந்தக் கட்சியாலும் எதையும் நிறைவேற்ற முடியாது. ஜனவரியில் ஹார்ட்மனுக்குக் கேடயமாக இருந்த அதே எண், பட்ஜெட் நேரத்தில் அவர் பக்கம் திரும்பியது.

புது பட்ஜெட் ஜூலை 1-க்குள் வந்தாக வேண்டும். இல்லையென்றால் அரசு அலுவலகங்கள் மூடப்படும், ஊழியர்கள் வீட்டுக்குப் போக வேண்டும். 2011-ல் அது நடந்திருக்கிறது. 20 நாள் அரசே முடங்கிக் கிடந்தது. அப்போதும் ஹார்ட்மன் உறுப்பினர்தான்.

பட்ஜெட்டுக்குச் சம்மதிக்கக் குடியரசுக் கட்சி வைத்த நிபந்தனைதான் ஆவணமில்லாதவர்களுக்கான காப்பீட்டை நிறுத்துவது. 2023-ல் ஹார்ட்மன் சபாநாயகராக இருந்து நிறைவேற்றிய அதே திட்டம். பேரத்தில் குழந்தைகளுக்கான காப்பீடு தப்பியது, பெரியவர்களுக்கானது போனது. மே 15-ம் தேதி வால்ஸ், டெமுத், செனட் தலைவர் எரின் மர்ஃபி, ஹார்ட்மன் ஆகியோர் உடன்பாட்டை அறிவித்தபோது, வெள்ளையரல்லாத உறுப்பினர்களின் கூட்டமைப்பைச் சேர்ந்தவர்கள் வெளியே நின்று கதவைத் தட்டிக் கோஷம் போட்டார்கள். எட்டு வருடம் முன்பு யாருடைய பேச்சுக்காகச் சீட்டாட்டத்தை ஹார்ட்மன் கலைத்தாரோ, அதே சமூகங்களின் பிரதிநிதிகள்.

காப்பீடு இல்லாமல் போனால் அவர்கள் டாக்டரிடம் போகாமல் இருந்துவிட மாட்டார்கள். நோய் முற்றியபிறகு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருவார்கள், செலவு அங்கே கூடும் என்பது எதிர்த்தவர்களின் வாதம். இவ்வளவு செலவை மாநிலம் தாங்காது, விதியை மீறி வந்தவர்களுக்கு வரிப்பணமா என்பது குடியரசுக் கட்சியின் வாதம்.

உடன்பாட்டில் கையெழுத்துப் போட்ட தலைவர், அது நிறைவேறத் தேவையான ஓட்டையும் கொண்டுவர வேண்டும். அவருடைய அணியில் அந்த ஓட்டைப் போட்டால் தொகுதியில் தலை காட்ட முடியாதவர்கள் இருந்தார்கள். மனசாட்சி இடம் கொடுக்காதவர்கள் இருந்தார்கள். தேவைப்பட்டது ஒன்றே ஒன்று. அதை அவரே போட்டார்.

இதைத் துரோகம் என்று சொன்னவர்கள் அவர் கட்சியிலேயே உண்டு. பட்ஜெட்டைக் காப்பாற்றியது தலைமைப் பண்பு என்றவர்களும் உண்டு. காப்பீட்டை இழந்த ஒரு கூலித் தொழிலாளிக்கு இரண்டாவது வாதத்தால் எந்தப் பிரயோஜனமும் இல்லை. ஹார்ட்மனுக்கே அது தெரிந்திருந்தது என்பதற்கு அன்று அவர் பேசியதே சாட்சி.

ஜூன் 14, அதிகாலை

ஜூன் 13 இரவு மினியாபொலிஸில் டிஎஃப்எல் கட்சியின் வருடாந்திர விருந்து. ஹார்ட்மன் தம்பதி போயிருந்தார்கள். செனட் உறுப்பினர் ஜான் ஹாஃப்மனும் போயிருந்தார். அதிகாலை 2 மணி வாக்கில் ஹாஃப்மன் வீட்டுக் கதவை, போலீஸ் உடுப்பில் முகமூடியோடு ஒருவர் தட்டினார். ஹாஃப்மனையும் மனைவியையும் சரமாரியாகச் சுட்டார், இருவரும் பிழைத்துக்கொண்டார்கள். குறி வைக்கப்பட்டது ஒரு அரசியல்வாதி என்று தெரிந்ததும், புரூக்ளின் பார்க் போலீஸார் தாங்களாகவே ஹார்ட்மன் வீட்டைப் பார்த்துவிட்டு வரப் போனார்கள். 3.30 மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது கொலையாளி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அவர்கள் கண் முன்னாலேயே சுட ஆரம்பித்தார். மெலிசாவும் மார்க்கும் இறந்தார்கள். குண்டடிபட்ட அவர்களுடைய நாய் கில்பர்ட்டையும் காப்பாற்ற முடியவில்லை. மாற்றுத் திறனாளிகளுக்கு உதவப் பயிற்சி கொடுத்து, அதில் தேறாமல் போனதால் வீட்டிலேயே தங்கிவிட்ட நாய் அது.

மாநிலம் கண்டிராத பெரிய தேடுதல் வேட்டைக்குப் பிறகு, மறுநாள் இரவு சந்தேக நபர் பிடிபட்டார். அதற்குள் சமூக வலைதளங்களில் கதை கட்டிவிட்டார்கள்: ஜூன் 9-ம் தேதி ஓட்டுக்காகச் சொந்தக் கட்சிக்காரர்களே பழி வாங்கினார்கள் என்று. புலனாய்வில் வெளிவந்தது வேறு. சந்தேக நபரிடம் கிடைத்த பெயர்ப் பட்டியலில் டஜன் கணக்கில் ஆட்கள். பெரும்பாலும் ஜனநாயகக் கட்சிக்காரர்கள். அன்றிரவு அவர் வேறு இரண்டு மக்கள் பிரதிநிதிகளின் வீட்டுக்கும் போயிருக்கிறார். அந்த வதந்தியைப் பகிர்ந்தவர்களில் எத்தனை பேர் இதையும் பகிர்ந்தார்கள் என்பது தனிக் கேள்வி.

ஜூன் 27-ம் தேதி தலைமைச் செயலகக் கட்டடத்தின் வட்ட மண்டபத்தில் மக்கள் அஞ்சலி. மினசோட்டாவில் அந்த மரியாதை பெற்ற முதல் பெண் ஹார்ட்மன். மார்க்கும் கில்பர்ட்டும் பக்கத்திலேயே. இறுதிச் சடங்குக்கு ஜோ பைடனும் கமலா ஹாரிஸும் வந்திருந்தார்கள். அஞ்சலி செலுத்த விரும்புகிறவர்களுக்கு மகனும் மகளும் ஒரு சின்னப் பட்டியல் கொடுத்தார்கள்: ஒரு மரம் நடுங்கள், ஒரு நாயைத் தடவிக் கொடுங்கள், வீட்டில் மொக்கை ஜோக் அடியுங்கள், அப்பாவுக்காக ரொட்டியோ அம்மாவுக்காக கேக்கோ செய்து யாருக்காவது கொடுங்கள், நம்புகிற விஷயத்துக்காக எழுந்து நில்லுங்கள்.

செப்டம்பர் 16-ம் தேதி அவருடைய தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தது. டிஎஃப்எல் தக்கவைத்துக்கொண்டது. சபை திரும்பவும் 67–67.

2023-ல் அவர் நிறைவேற்றிக் கொடுத்த சம்பளத்தோடு கூடிய விடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வரக் குறித்திருந்த தேதி, 2026 ஜனவரி 1. ஜூன் 9-ம் தேதி அவருடைய ஓட்டோடு நிறைவேறிய மசோதா, ஆவணமில்லாத பெரியவர்களின் காப்பீட்டை முடித்து வைக்கக் குறித்திருந்ததும் அதே தேதிதான்.